எரியாத முகம்

மகனின் விரல்களுக்கிடையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் பிரான்சிஸ்கா. விரல்கள் மடங்கவில்லை, மாலை நழுவி நழுவி விழுந்தது. கனடாவிலிருந்து வந்த சவப்பெட்டியைக் காலையில்தான் வங்காலை வீட்டு விறாந்தையில் வைத்துத் திறந்திருந்தார்கள்.

"நல்ல காலம் பிரான்சி," என்றாள் பக்கத்து வீட்டு றோஸ்மேரி. "பிளேன் விழுந்தும் நெருப்புப் பிடிக்கேல்லை. முகத்தையாவது பாக்கக் கிடைச்சுது. ஒரு சுட்ட அடையாளம் இல்லை."

"ஓம்," என்றாள் பிரான்சிஸ்கா. கதிரையிலிருந்த கணவர் லோறன்ஸ் தலையைத் தூக்கியதைக் கண்டாள்.

மகன் மில்ரனுக்குக் கனடாவில் ஒரு கடையில் வேலை. லீவு நாட்களில் சின்ன விமானமொன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுவான். அன்றும் தனியாகத்தான் போனான். "பெற்றோல் முடிஞ்சு போச்சு மாமி," என்று அவளுடைய அண்ணன் மகன் றோய் அங்கிருந்து போனில் சொல்லியிருந்தான். "எதிர்க்காத்து. இடையில இறங்கிப் பெற்றோல் அடிச்சிருக்கலாம். கிட்டத்தானே எண்டு வந்திட்டான்."

"மாமாவுக்கு இஞ்சின் பழுதெண்டு சொல்லு. எனக்குச் சொன்னதோட சரி," என்றாள் அவள். றோயும் அப்படியே சொன்னான்.

லோறன்ஸ் கடலுக்குப் போகும்போதெல்லாம் படகு இஞ்சினுக்கு மேலதிகமாக ஒரு கான் மண்ணெண்ணெய் ஏற்றுவார். "இந்தியாவுக்கோ போறீர்?" என்று கூடத் தொழிலுக்குப் போகும் யோசேப் நக்கலடிப்பான். அந்தக் கானை ஏற்ற மறந்ததற்காக மில்ரன் ஒருமுறை கரையில் எல்லாருக்கும் முன்னால் அடி வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்ட மனிசனிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

லோறன்ஸ் எழுந்து பெட்டியருகே வந்தார். குனிந்து, மகனின் புருவத்தைப் பெருவிரலால் தடவினார்.

"றோய்."

பெட்டியோடு வந்திருந்த றோய் கிட்ட வந்தான். "ஓம் மாமா."

"உந்தப் பிளேனில பெற்றோல் டாங்கி எங்க இருக்கும்?"

"ரெண்டு பக்கச் செட்டைக்குள்ளயும்."

"செட்டை உடைஞ்சதோ?"

"ஓம்."

"பெற்றோல் இருந்திருந்தா எரிஞ்சிருக்குமே."

றோய் பிரான்சிஸ்காவைப் பார்த்தான். அவள் செபமாலையைப் பார்த்தாள்.

"காத்து எதிரோ?" என்றார் லோறன்ஸ்.

"ஓம் மாமா."

அவர் திரும்பினார். போய்க் கதிரையில் இருந்தார். றோஸ்மேரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கினார், குடிக்கவில்லை.

யோசேப் வந்து அவருடைய தோளில் கை வைத்தான்.

"என்னண்டு லோறன்ஸ் இப்பிடி நடந்தது?"

பிரான்சிஸ்காவின் கை நின்றது.

"இஞ்சின் பழுதாப் போச்சு," என்றார் லோறன்ஸ். "அவன் என்ன செய்யிறது."

"அதுதானே. உம்மட வளர்ப்பெல்லோ. பிள்ளை பிழை விட்டிருக்கமாட்டான்."

லோறன்ஸ் ஓமென்று தலையாட்டினார். அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. மாலையை மகனின் மணிக்கட்டில் இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டாள். இப்போது நழுவவில்லை.

பங்குச் சுவாமி வந்து செபம் முடிந்ததும் பெட்டியை மூடித் தூக்கினார்கள். படியிறங்கும்போது, சுவரோரம் இருந்த மண்ணெண்ணெய்க் கானில் யோசேப்பின் கால் தட்டியது. கான் சரிந்தது.

"பாத்து, பாத்து," என்றது ஒரு குரல்.

பின்னால் வந்த லோறன்ஸ் குனிந்து கானை நிமிர்த்தினார். மூடியைத் திருகி இறுக்கினார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டிருந்தார். பெட்டி வாசல் படலையைத் தாண்டிவிட்டது. அவர் நிமிரும்வரை பிரான்சிஸ்கா பக்கத்திலேயே நின்றாள்.