சறுக்குத் தடத்தில் நடக்காதவர்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கை அம்மாள், "தடம் கெட்டுடக் கூடாதுன்னு எங்க மாமா பனிக்கட்டி மேல எறங்கிட்டாரு" என்று செல்பேசியில் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். அப்புறம் என்ன ஆச்சு? ஓடிப்போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பின்லாந்தில் முன்பின் தெரியாதவரிடம் அப்படிக் கேட்பதைவிடக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது நாகரிகம். ஆகவே மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

வெண்பட்டு விரித்தாற்போல் காடெங்கும்...

வேண்டாம், அடித்துவிட்டேன். பிப்ரவரி, ஒரு காப்புக்காடு, முழங்கால் ஆழப் பனி. அது போதும்.

ஓஸ்மோவும் மனைவி ஈர்யாவும் சறுக்குத் தடத்தை ஒட்டி, காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறார்கள். பனிச்சறுக்குக்காரர்களுக்காக இயந்திரம் இழுத்துவிட்ட இரட்டைக் கோடு அது. அதை மிதித்துக் கெடுப்பவரை இங்கே யாரும் திட்ட மாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கே ஓஸ்மோ செத்துவிடுவார்.

(கடைசிச் சொல்லை மாற்றலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

வழியில் ஓர் ஓடை, அதன்மேல் குறுகலான மரப்பாலம். பாலம் முழுவதையும் தடமே அடைத்துக்கொண்டிருந்தது.

"நான் கீழ எறங்கிப் போறேன்," என்றார் ஓஸ்மோ.

"அடியில தண்ணி ஓடுது. ஐஸ் மெலிசா இருக்கும். பாலத்துல நடந்தா உன் கிரீடம் எறங்கிடுமா?"

"காலையில யாரோ கஷ்டப்பட்டுப் போட்ட தடம், ஈர்யா."

"அவன் உன் சாவுக்கு வருவானா?"

அதற்குள் அவர் இறங்கியிருந்தார்.

3

நடு ஓடையில் அவருடைய காலடிகள் கறுத்தன. பனிக்கடியில் நீர் ஊறுகிறது. அடுத்த கணம் பனிக்கட்டி உடைந்து, ஓஸ்மோ மார்பளவு நீரில், முழங்கைகளை உடைந்த விளிம்பில் ஊன்றிக்கொண்டு தொங்கினார்.*

"காப்பாத்துங்க" என்று ஈர்யா அலறி...

இல்லை. எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன், அலற மாட்டேன் என்கிறாள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பிறத்தியாருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று வளர்ந்த தொண்டை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கத்தித் தொலையேன், அம்மா.

(மாற்று முடிவு: ஓஸ்மோ தானே ஏறி வருகிறார், இருவரும் காப்பி குடிக்கிறார்கள். விரல் மரத்துப்போனவர் எப்படி ஏறுவார்? பொய் சொல்ல மனசு வரவில்லை.)

* விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏறுவதற்குக் கழுத்தில் மாட்டும் ஆணிப்பிடிகள் காரிலேயே இருக்கின்றன. 'சும்மா நடக்கத்தானே போறோம்' என்று ஓஸ்மோதான் விட்டுவிட்டு வந்தார்.

4

மரங்களுக்கிடையே ஓர் இளம்பெண் சறுக்கி வந்தாள். ஈர்யா தடத்தின் நடுவே போய், கைகளை விரித்து நின்றாள்.

"தடத்துல நிக்காதீங்க," என்றாள் வந்தவள்.

"நிப்பேன். என் புருஷன் தண்ணியில கெடக்கான்."

5

சறுக்குக் கோல்கள் இரண்டையும் வாரால் பிணைத்தார்கள். ஈர்யா பனிக்கட்டிமேல் குப்புறப் படுத்து, கோலை நீட்டியபடி தவழ்ந்தாள். அந்தப் பெண் பின்னால் படுத்து அவளுடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிப் போ," என்றார் ஓஸ்மோ. உதடு நீலம் பாரித்திருந்தது. "ஒருத்தர் போதும்."

"வாயை மூடிட்டுப் பிடி."

பிடித்துவிட்டார். ஆனால் இழுக்க இழுக்க, அவர் மேலே வருவதற்குப் பதில் பெண்கள் இருவரும் அவரை நோக்கி வழுக்குகிறார்கள்.

என்னிடம் முடிவு இல்லை. என் கைக்கு எழுதத்தான் தெரியும். அந்தப் பெண்ணின் கால்களைப் பிடித்துக்கொள்ளக் கரையில் ஓர் ஆள் வேண்டும். இந்தக் காட்டில் வேறு யாருமில்லை, இதுவரை வந்திருக்கும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். சீக்கிரம், தடத்தை மிதித்துக்கொண்டே ஓடி வாருங்கள்.