அனியெல்லோ ஆஜர்

நான்காம் மாடித் திருப்பத்தில் டிட்டினா நின்று, கோட்டுப் பையிலிருந்த சீட்டை மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அப்பா உயிரோடிருக்கும் ஒரு மகளின் முகத்தை வரவழைக்கப் பார்த்தாள். இன்று மதியம்வரை அவளுக்கு இருந்தது அந்த முகம்தான். அப்போது அதற்கு ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை.

மேலே ஆறாம் மாடியில், கட்டிலில், அப்பா அனியெல்லோ வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தார். போய் நாலு மணி நேரமாகிறது. டாக்டருக்குச் சொல்லவில்லை, பாதிரியாருக்குச் சொல்லவில்லை, மிலானில் இருக்கும் தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. கீழே, தெருக்கதவை ஒட்டிய நடைகூடத்தில், பிளாட் உரிமையாளர்களின் கூட்டம் தொடங்கப்போகிறது. தனக்குப் பதிலாகத் தன் மகள் அதில் உட்கார்ந்து ஓட்டுப் போடுவாள் என்று அப்பா காலையில் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். கை நடுங்கியதில் பெயரின் பிற்பாதி கோடு தாண்டிக் கீழே இறங்கிப் போயிருந்தது. செத்தவரின் சீட்டு செல்லாது. சட்டம் படிக்காத டிட்டினாவுக்கே அது தெரியும். இரண்டாம் மாடி வக்கீல் டெ சாந்திஸுக்கு அது சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியும்.

படிக்கட்டு விளக்கு பட்டென்று அணைந்தது. தானாக அணையும் விளக்குதான். மின்சாரச் செலவைக் குறைக்க ஏற்கெனவே ஒரு கூட்டத்தில், கோரம், அதாவது வந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச வருகை, சரிபார்த்து, முறைப்படி எடுத்த முடிவு அது. இருந்தும் டிட்டினா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருட்டில் மேலேயிருந்து ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொன்னபடி இருந்தாள்.

அவளைக் கீழே அனுப்பியது அம்மாதான். டாக்டரைக் கூப்பிட டிட்டினா போனை எடுத்தபோது, அம்மா மாத்திரை டப்பாவுக்கடியில் இருந்த சீட்டை உருவி அவள் கையில் வைத்தாள்.

"நான் இப்ப அழுதா படிக்கட்டு வழியா கீழ வரைக்கும் கேக்கும். நீ போயிட்டு வா. அப்புறம் அழுதுக்கறேன்."

எல்லாம் லிஃப்டால் வந்த வினை. போன ஈஸ்டருக்கு முன்னால் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது, நின்றதுதான். பழுது பார்க்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து, படி ஏறுவது இதயத்துக்கு நல்லது என்ற உண்மையைக் கீழ்மாடிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அப்பாவின் இதயம் அந்த உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை. ஈஸ்டர் பூசைக்கு இறங்கினார். இரண்டு ஆள் பிடித்து மேலே ஏற்றினார்கள். அதற்குப் பிறகு தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அம்மாவின் முழங்கால்களும் அவருக்குத் துணையாக மேலேயே தங்கிவிட்டன. இனி அந்த வீட்டில் அம்மா தனி. லிஃப்ட் வராவிட்டால், அப்பா கீழே போகிற அன்று அம்மா ஒரு தடவை பின்னாலேயே இறங்குவாள். யாராவது தூக்கி மேலே விடுவார்கள். அதோடு சரி.

கட்டடத்தின் மதிப்பை ஆயிரம் பங்காக வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய செலவென்றால் பாதிப் பங்காவது கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தைத் திறக்கவே முடியாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு அழைப்பு உண்டு. முதல் அழைப்பு விடியற்காலையில், நிலவறையில், எலிகளின் முன்னிலையில். அதற்கு யாரும் வரக் கூடாது என்பது மரபு. யாரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டு இரண்டாவது அழைப்பை மறுநாள் மாலையில் வைப்பார்கள். அதற்கும் வராமல் இருப்பதுதான் லிஃப்டை எதிர்ப்பவர்களின் உத்தி. எதிர்த்து ஓட்டுப் போட்டால் பக்கத்து வீட்டோடு பகை. வீட்டிலேயே இருந்துவிட்டால் சளி. இரண்டு கூட்டம் இப்படிச் சளியில் போய்விட்டது. இந்தத் தடவை நிர்வாகி லெத்தியேரி விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். சம்மதிக்கிற அத்தனை பேரும் வந்தால் பாதியை நூலிழையில் தாண்டும். அத்தனை பேரில் அனியெல்லோவும் ஒருவர்.

நடைகூடத்தில் தபால்பெட்டிகளுக்குக் கீழே அவரவர் வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாலைக் குளிருக்கு யாரும் கோட்டைக் கழற்றவில்லை. வக்கீல் டெ சாந்திஸ் உட்காரவில்லை. தெருக்கதவுக்கு வெளியே, வாசற்கல்லுக்கு அந்தப் பக்கம், சிகரெட்டோடு நின்றிருந்தார். கால் கல்லைத் தாண்டினால் ஆஜர், தாண்டாவிட்டால் வழிப்போக்கர். அவர் ஷூ நுனி கல்லைத் தொடாமல் இருப்பதை லெத்தியேரி அடிக்கடி கவனித்துக்கொண்டிருந்தார், பந்து கோல் கோட்டைத் தாண்டுமா என்று பார்ப்பவரைப்போல.

வக்கீலுக்குப் பக்கத்தில், அதே வழிப்போக்கர் நிலையில், தரைத்தள மளிகைக்கடை கத்தெல்லோ. தக்காளிக்கு லிஃப்ட் எதற்கு என்பது அவர் கட்சி. அவரைப் பார்த்ததும் டிட்டினா முகத்தைத் தபால்பெட்டிகள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏனென்றால் கூடை. லிஃப்ட் நின்றதிலிருந்து அப்பா தினமும் ஐந்து மணிக்குச் சமையலறை ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். இறக்கும்போதே, "ஏய் திருடா, நேத்து ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சு" என்று தெரு அதிரக் கத்துவார். "அப்ப பல்லையும் கூடையில அனுப்பு, தீட்டித் தரேன்" என்று கத்தெல்லோ கீழேயிருந்து கத்துவார். ரொட்டியும் பாலும் மேலே வரும். இன்றைக்குக் கூடை இறங்காவிட்டால் சந்தேகம் வரும் என்று டிட்டினாதான் அம்மாவை இறக்கச் சொன்னாள். அம்மா இறக்கினாள். சத்தமே இல்லாமல். திரைக்குப் பின்னாலிருந்து டிட்டினா பார்த்தாள்: கத்தெல்லோ ரொட்டியை வைத்தார், பாலை வைத்தார், கூடை மேலே போன பிறகும் கழுத்தை நிமிர்த்தியபடியே நின்றார். கூடையைப் பற்றி யோசித்த இரண்டு பெண்களும் குரலைப் பற்றி யோசிக்கவில்லை.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று ஐந்தாம் மாடிக் கிழவர் கேட்டார்.

"அப்படியேதான் இருக்காரு" என்றாள் டிட்டினா. அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெம்பு தரவில்லை. ஒரு வாய் காபி கிடைத்தால் தேவலை. ஆனால் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. முதல் காபி அக்கம்பக்கத்திலிருந்துதான் வரும். அக்கம்பக்கத்துக்குத் தெரியாத சாவுக்கு யார் காபி தருவார்கள்?

லெத்தியேரி எழுந்து, கூட்டம் இரண்டாவது அழைப்பில் கூடியிருப்பதாக அறிவித்தார். நேற்று காலை நிலவறையில் முதல் அழைப்புக்கு ஒருவரும் வரவில்லை என்பதையும் வருத்தத்தோடு தெரிவித்தார். பிறகு பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு 'ஆஜரு'க்கும் டிட்டினாவின் காது மேலே போய் வந்தது. எங்கோ நாற்காலி நகர்ந்தது. அம்மாவா? விளக்கு அணைந்தது. யாரோ பொத்தானைத் தட்டினார்கள். இருட்டிலும் லெத்தியேரி நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

"ஆறாம் மாடி, அனியெல்லோ."

டிட்டினா எழுந்து சீட்டை நீட்டினாள். கோடு தாண்டி இறங்கிய பெயரைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாள்.

வெளியேயிருந்து வக்கீலின் குரல் வந்தது. அந்தக் கையெழுத்தைத் தான் பார்க்கலாமா என்று கேட்டார். வெளியே நிற்பவர் ஆட்சேபிக்க முடியாது, உள்ளே வந்தால் தாராளமாக ஆட்சேபிக்கலாம் என்று லெத்தியேரி மிகவும் ஆசையாகச் சொன்னார். வக்கீல் உள்ளே வரவில்லை. வந்தால் கோரம் அவராலேயே நிரம்பிவிடும். கழுத்தை மட்டும் நீட்டினார். கழுத்து எந்தப் பக்கக் கணக்கு என்று சட்டத்தில் இல்லை.

"நான் ஆட்சேபிக்கல. சும்மா ஒரு அக்கறை. ஆளு மேலதானே இருக்காரு? தொண்டையும் அவர்கிட்டதானே இருக்கு? படிக்கட்டுல வந்து ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க, போதும். இல்லேன்னா யாராவது ஏறிப் பாத்துட்டு வரட்டும்."

ஐந்தாம் மாடிக் கிழவரின் பேரன் எழுந்தே விட்டான். டிட்டினா அவன் கால்களைப் பார்த்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவக்கூடிய கால்கள். அம்மா கதவைத் திறப்பாள், அவ்வளவுதான். வழக்கு, போலீஸ், பிணத்தின் பெயரில் ஓட்டுப் போட்ட மகள் என்று நேப்பிள்ஸ் முழுக்கப் பேச்சு. அதைவிட, அம்மா. ஜன்னலோரத்தில் அம்மா, சாகும்வரை. டிட்டினா வாயைத் திறந்தாள். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் வேறொரு குரல் வந்தது.

"எதுக்கு ஏறணும்?" என்றார் கத்தெல்லோ.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் டிட்டினாவைப் பார்க்கவில்லை. வக்கீலின் சிகரெட்டைப் பார்த்துப் பேசினார்.

"அஞ்சு மணிக்குத்தானே என்னைத் திட்டினாரு. திருடன்னு. ரொட்டி கல்லுன்னு. தெருவே கேட்டுச்சு. நீங்க எங்க இருந்தீங்க வக்கீல் சார், கோர்ட்டுலயா?"

யாரோ சிரித்தார்கள். தானும் கேட்டதாக மூன்றாம் மாடிக்காரி சொன்னாள். எந்நாளும் கேட்கிற சத்தம் இன்றும் கேட்டிருக்கும்தானே. பேரன் உட்கார்ந்தான்.

"ஆஜர்னு எழுதுங்க" என்றார் கத்தெல்லோ. லெத்தியேரி எழுதினார்.

டிட்டினா நாற்காலியில் உட்கார்ந்தாள். பயம் போகவில்லை, இன்னும் கூடியது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரகசியத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கிறார். நாளைக்கு வாயைத் திறந்தால்?

அப்போது கத்தெல்லோ கடைக்குள் போய் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நின்று நின்று இடுப்பு விட்டுப்போச்சு என்று பொதுவாக முணுமுணுத்தார். வாசற்கல்லைத் தாண்டி வந்து, டிட்டினாவுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னையும் எழுதிக்குங்க."

லெத்தியேரி கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டிப் பார்த்தார். மளிகைக்கடைப் பங்கு சிறியதல்ல. இனி அனியெல்லோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோரம் இருந்தது. கோரம் நிறைவு, கூட்டம் முறைப்படி தொடங்கியது என்று அவர் அறிவித்தபோது குரல் கம்மியது. வக்கீல் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். லிஃப்டுக்குக் கை தூக்கும் நேரம் வந்ததும் கத்தெல்லோவும் தூக்கினார், ஈ விரட்டுவதுபோல. அவர் முகத்தைப் பார்க்க டிட்டினாவுக்குத் தைரியம் வரவில்லை. பாலாடைக்கட்டி வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

டிட்டினா மேலே ஏறி வந்தபோது அம்மா அதே இடத்தில், கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் வருகிறது என்று டிட்டினா சொன்னாள். அம்மா தலையசைத்தாள். மதியம் உயிர் போனவுடனே பால்கனிக் கதவைத் திறக்க எழுந்தவள் அவள். போகிறவருக்கு வழி விட வேண்டும். ஜனவரிக் குளிரில் திறந்த பால்கனி தெருவுக்கே சொல்லிவிடும் என்று டிட்டினாதான் தடுத்திருந்தாள்.

கீழேயிருந்து இரண்டு முறை கைதட்டல் கேட்டது. கூடையை இறக்கச் சொல்லும் சத்தம்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிட்டினா சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கூடையை இறக்கினாள். கயிறு தொய்ந்தது, பிறகு கனத்தது. இழுக்கும்போது கீழே பார்த்தாள். வழக்கமாக இடி மாதிரி விழுகிற கடை ஷட்டர் சத்தமில்லாமல் பாதியில் நின்றிருந்தது. அதன் முன்னால் கத்தெல்லோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கூடையில் ஒரு கம்பளி மஃப்ளர். அதைப் பிரித்தால் காபிப் பாத்திரம், சர்க்கரைப் பொட்டலம், இரண்டு கோப்பை. பாத்திரம் கையைச் சுட்டது.

அம்மா அதைப் பார்த்தாள். எழுந்து போய் பால்கனிக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தாள். குளிர்காற்றில் திரைச்சீலை அறைக்குள் எழும்பி, கட்டிலின் மேல் ஒரு முறை படிந்து, வெளியே போனது.