மயில்கழுத்துப் பட்டும் சொட்டு நீலமும்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், ஒரு ஸ்டுடியோவில் கலையரசி போட்டோக்களைத் திருத்துகிறாள். எந்தப் படமானாலும் முதல் வேலை ஒன்றுதான். படத்தில் வெள்ளையாக உள்ள ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, அதன்மேல் மவுஸை அழுத்துவாள். ‘இதுதான் வெள்ளை’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது அது. அந்த வெள்ளையின்மேல் மண்டப விளக்கு எவ்வளவு நிறம் பூசியிருக்கிறதோ, அவ்வளவையும் கம்ப்யூட்டர் படம் முழுவதிலிருந்தும் கழித்துவிடும்.

கவிதாவின் வளைகாப்புப் படங்களில் பளிச்சென்று ஒரு வெள்ளை இருந்தது, அவள் அண்ணன் குமரேசனின் வேட்டி. அதில் அழுத்தினாள். முகமெல்லாம் பொன்னாக மின்னியது. மாதிரிப் படங்களை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர் அப்படியே சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

மறுநாள் குமரேசன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? நான் எடுத்த சீர்ப் பொடவை மயில்கழுத்து. இதுல பச்சையா கீது. பச்சை அவ நாத்தனா எடுத்தது! ‘அண்ணன் சீர் செய்யலியா’ன்னு விசேஷத்துக்கு வராத சொந்தமெல்லாம் கேட்டுக்கினு கீது. நான் எப்டி தலை காட்டறது?”

கலையரசி அசல் படத்தைத் திறந்தாள். மயில்கழுத்துதான். வேட்டியின் நிற எண்களைப் பார்த்தாள். நீலம் ஏகத்துக்கு இருந்தது.

“அண்ணே, வேட்டிக்கு நீலம் போட்டீங்களா?”

“வேட்டி, சட்டை ரெண்டுக்கும் ரெண்டு மூடி சேத்தே போட்டேன். விசேஷமாச்சே!”

“அப்ப அது வெள்ளையே இல்லண்ணே. நான் வெள்ளைன்னு சொல்லிட்டேன். அது எல்லாத்துலேர்ந்தும் நீலத்த எடுத்துடுச்சு. மயில்கழுத்துல நீலம் போனா பச்சைதான மிச்சம்?”

இந்த முறை, தனக்கென்று நிறம் இல்லாத சீர்வரிசை எவர்சில்வர் தட்டில் அழுத்தினாள். புடவை மயில்கழுத்தானது. குமரேசனின் வேட்டியும் சட்டையும் வெளிர்நீலமாயின.

“அய்ய, பள்ளிக்கூடத்துப் பையன் மாரி கீதே!”

“உங்கள மட்டும் வெள்ளையாக்கலாம். முந்நூறு படம், ஒவ்வொண்ணா கையால பண்ணணும். ரெண்டு வாரம் ஆவும்.”

“வெள்ளிக்கெழம ஆல்பம் சம்பந்தி வூட்டுல இருக்கணும். ஜல்தியா ஒரு வழி சொல்லு.”

“படத்துல ஓரமா இருக்கறத வெட்டிடலாம். அது ஒரு நாள் வேலதான்.”

“வேட்டிய வெட்டு.”

“சட்டைண்ணே?”

குமரேசன் புடவையைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார்.

“ஆளையே வெட்டிடும்மா.”

வெள்ளிக்கிழமை ஆல்பம் போனது. பக்கத்துக்குப் பக்கம் மயில்கழுத்து. சனிக்கிழமை குமரேசன் போன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை.

“பொடவைய எல்லாரும் மெச்சறாங்கம்மா. அண்ணங்காரன் நேர்ல வராம கொரியர்லயா அனுப்சான்னு கேக்கறாங்க.”