வராந்தாவில் சொன்னால் செல்லாது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷமாக இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்க்கிறவர். அங்கேகூட இப்படி வியர்த்ததில்லை.

துணிக்கடை லிஃப்ட் சறுக்கி விழுந்து ஒன்பது பேருக்குக் கை கால் முறிந்ததை விசாரிக்க, அரசு ஒரு நீதிபதியின் தலைமையில் ஆணையம் போட்டிருந்தது. அதன் வராந்தா பெஞ்சில் காத்திருந்த இவர் ஆறாம் சாட்சி. வில்லங்கம் ஒரு அட்டையில். மோட்டார் அறையில் தொங்கும் அதில் மாதாமாதம் ‘பிரேக் சரி’ என்று கையெழுத்துப் போடவேண்டும். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதென்று லிஃப்ட் கம்பெனி மேனேஜருக்கு மூன்று கடிதம் கொடுத்தும், "வரும்யா, முதல்ல கையெழுத்தப் போடு" என்றுதான் பதில். போட்டார். திரும்பத் திரும்பப் படியேறச் சோம்பல்பட்டு, ஒரே மூச்சில் வரப்போகிற நாலு மாதத்துக்கும் போட்டுத் தொலைத்தார். விளைவு? லிஃப்ட் நொறுங்கிக் கிடந்த மாதத்திலும் பிரேக் பேஷாக இருந்தது!

"உண்மையச் சொன்னா ஜெயிலு. பொய் சொன்னாலும் ஜெயிலு," என்று முனகினார்.

"அப்ப உண்மையவே சொல்லுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. "பொய்ய ஞாபகம் வச்சுக்கிற மூளை உங்களுக்கு ஏது?"

கம்பெனி வக்கீல் டீயோடு வந்து ஒட்டி உட்கார்ந்தார். ஃபோனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணே, உள்ள போனா அரண்டுடுவீங்க. மனசுல உள்ளத எங்கிட்ட கொட்டிடுங்க, நான் பாத்துக்கறேன்."

மெக்கானிக் உருகிப்போனார். "வக்கீல் சார், அந்த அட்டையில நான்..."

"ஆறாம் சாட்சி! வாய மூடுங்க!"

வராந்தாவே வாயை மூடியது. வாசலில் ஆணையத்தின் கிளார்க் அம்மா.

"சம்மனோட பின்பக்கத்தப் படிச்சீங்களா?"

"முன்பக்கத்துக்கே மயக்கம் வந்துடுச்சும்மா."

"ஆணையம் கேக்கற கேள்விக்கு உள்ள நீங்க சொல்ற பதில, எந்தக் கோர்ட்லயும் உங்களுக்கு எதிராப் பயன்படுத்த முடியாது. பொய் சொன்னா மட்டும்தான் கேஸு. ஆனா இந்த பெஞ்சுல உளறினா, அதுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. வக்கீல் சார், அந்த ஃபோனக் கொஞ்சம் திருப்புங்களேன், பாப்போம்!"

ஃபோன் கோட்டுப் பைக்குள் பாய்ந்து மறைந்தது.

உள்ளே, சத்தியப் பிரமாணம் முடிந்ததும் நீதிபதி அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "விழுந்த லிஃப்டுக்கும் பிரேக் சரியா இருந்துச்சா?"

"முன்கூட்டியே போட்டுட்டேங்கய்யா."

கூடம் சிரித்தது. மெக்கானிக் கடித விஷயம் உட்பட மிச்சத்தையும் கொட்டினார்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "சாட்சியே குத்தத்த ஒத்துக்கிட்டார்! போலீசுக்கு அனுப்பணும்."

"இந்த வாக்குமூலத்தை வெச்சு இவர்மேல வழக்குப் போட முடியாது. சட்டம் உங்களுக்குத் தெரியாததா? இவரு வேலைக்கு ஒரு பங்கம் வந்தாலும் எனக்குத் தகவல் வரணும்." நீதிபதி திரும்பினார். "மேனேஜர், நீங்க வாங்க."

மேனேஜர் சத்தியம் செய்தார். "கடிதம்னு ஒண்ணுமே எனக்கு வரலைங்க."

"அப்படியா? காலையிலயே உங்க ஆபீசைச் சோதனை போட ஆள் அனுப்பினேன்." ஒரு ஃபைல் மேஜைக்கு வந்தது. மூன்று கடிதங்கள். மூன்றின் ஓரத்திலும் பச்சை மையில் மேனேஜரின் கையெழுத்து: ‘பிறகு பார்க்கலாம்.’

மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. பொய்ச் சாட்சி, அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

"மெக்கானிக், நீங்க போகலாம்."

அவர் நகரவில்லை. "ஐயா, நீங்க கேக்கல... ஆனா ஒரு விஷயம்..."

கிளார்க் அம்மா பலமாக இருமினார். நீதிபதி சட்டென்று கையை உயர்த்தினார்.

"இருங்க. கேக்காததச் சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்து. நானே கேக்கறேன். இதே மாதிரி நீங்க முன்கூட்டிக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் வேற எங்கயாவது ஓடுதா?"

மெக்கானிக் பின்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் ‘ம், சொல்லுங்க’ என்று தலையாட்டினாள்.

"ஏழு இடத்துலங்கய்யா. அதுல ஒண்ணு ஆஸ்பத்திரி."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு டெலிஃபோனை எடுத்தார். "முதல்ல ஆஸ்பத்திரி விலாசத்தைச் சொல்லுங்க."