டம்ளரில் இரண்டு தட்டு

மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரில் பஞ்சை நனைத்து, சாகக் கிடந்த கணவர் மஹ்மூதின் வாயில் குல்சும் பிழிந்துகொண்டிருந்தபோது அவர் உதடுகள் குவிந்தன. அவள் பதறிப்போய் காதைக் கொண்டுபோனாள்.

"சொல்லுங்க மச்சான். கு... குல்..."

அவரோ அல்லாஹ்வின் பேர் வரும் கலிமாவை முழுசாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். அதோடு மூச்சு அடங்கிவிட்டது.

"பேச்சே போன மனுசன் கலிமா சொல்லி மவுத்தாயிருக்கான். எந்தம்பி கொடுத்து வச்சவன்டி!" என்று அவருடைய அக்கா கனி அழுதாள்.

கொடுத்து வைத்தவர்தான், யார் இல்லையென்றது? குல்சுமுக்குத்தான் வயிறு எரிந்தது.

துபாயில் வேலையில் இருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தவர், வலது கையும் பேச்சும் இல்லாமல்தான் பெரியபட்டினம் வந்து சேர்ந்தார். தண்ணீர் என்று கேட்க வராது. ஓதச் சொன்னால் மட்டும் குர்ஆன் சூராக்கள் கடகடவென்று வரும். இதென்ன கூத்து என்று ராமநாதபுரத்து டாக்டரிடம் கேட்டாள்.

"மனப்பாடமா உள்ளது மூளையில வேற எடத்துல இருக்கும்மா. அது தப்பிச்சிருச்சு. மத்தது பழகப் பழக வந்தா உண்டு."

பழக்கினாள். தினமும் எதிரே உட்கார்ந்து கு, கு என்பாள். அவர் முக்கிப் பார்த்துவிட்டு அழுதுவிடுவார். பிறகு இடது கையால் கரண்டியை எடுத்து டம்ளரில் இரண்டு தட்டு தட்டுவார். அந்த வீட்டில் அதுதான் அவள் பேர். அடுப்படியில் எந்த வேலையாக இருந்தாலும் "வாரேன் மச்சான்" என்று ஓடி வருவாள்.

ஜனாஸாவை அடக்கம் செய்ய ஆண்கள் தூக்கிப் போனார்கள். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கனி மறுபடியும் கலிமாப் பேச்சை எடுத்தாள்.

"மனப்பாடம்தான் நிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சே மதினி," என்றாள் குல்சும். "எம்பேரயும் தெனம் ஓத வச்சிருப்பேனே. லீவுல வந்தப்ப பக்கத்துல இருந்து கூப்புட்டதுதான். அது எம்புட்டு இருக்கும்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ குல்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

கனி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. பாதிப் பேருக்குச் சுகர் என்பதால் சீனி தனியாக இருந்தது. ஒருத்தி சீனியைப் போட்டுக் கலக்கிவிட்டு, கரண்டியை டம்ளர் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

"வாரேன் மச்சான்," என்று குல்சும் எழுந்துவிட்டாள். கட்டில் வரைக்கும் போய் நின்றாள்.

மற்றவர்கள் சீனியைக் கலக்காமலே குடித்தார்கள்.