எஃபியின் குதிகால் சத்தம்

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தது. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் எஃபி கில்லிஸ், கணினி வழியாக வயலின் சொல்லித்தருகிறாள். அன்று காலை மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: சத்தம் என்பது மனிதனின் ஆதி

(வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.)

2

எஃபிக்குத் தலைபோகிற அவசரம். அவள் அக்கா மகன் ரோடி, தூரத்து ஆல்பர்ட்டா மாநிலத்தில் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை இங்கே அவன் தங்கைக்குக் கல்யாணம். நடனத்துக்கு வாசிக்கப்போவது அவன்தான். எங்கள் ஊரில் வயலின்காரர் வாசித்துக்கொண்டே குதிகாலால் தரையைத் தட்டவேண்டும். அதை நம்பித்தான் ஆடுகிறவர்கள் காலெடுத்து வைப்பார்கள். ரோடிக்கு விரல் ஓடியது, கால் ஓடவில்லை. இதுவோ கடைசி வகுப்பு.

"சித்தி, வில்லு ஆடறது தெரியுது. சத்தம் விட்டுவிட்டு வருது."*

"மைக்க மாத்தியாச்சு, கம்பிய மாத்தியாச்சு. இன்னும் என்னடா வேணும் இதுக்கு?"

"அது பேச்ச மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் இரைச்சல்னு அமுக்குது. செட்டிங்ஸ்ல போய் இரைச்சல் நீக்கறத அணைங்க."

"எங்கப்பாகூட என் வாசிப்ப இரைச்சல்னு சொன்னதில்ல."

அணைத்தாள். வாசித்தாள்.

"கணீர்னு இருக்கு சித்தி. ஆனா கால் கேக்கல."

* ஒலிபெருக்கியை முழுக்கத் திருகி வைத்திருந்தாள். ரோடி பேசியது தெருவுக்கே கேட்டது.

3

மைக்கைத் தரையில் வைத்தாள். காலருகே நகர்த்தினாள். ம்ஹூம்.

(இங்கே எஃபியை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அழுகிற ரகமில்லை. அடித்துவிட்டேன்.)

"கேமராவக் கொஞ்சம் கீழ திருப்புங்க சித்தி... அட, கம்பளி சாக்ஸ்ல தட்டினா எப்படிக் கேக்கும்?"

ஊர் மண்டபத்தில் சொல்லித்தந்தவரை அவள் காலில் ஷூ இருந்தது. வகுப்பு வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குள் யார் ஷூ போடுவார்கள்? அது வாசலோடு நின்றுவிட்டது. பாவம், கணினிதான் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது.

"வீட்டுக்குள்ள ஷூவா? உங்கம்மா பாத்தா நான் தொலைஞ்சேன்."

"அம்மாகிட்ட நான் சொல்லல. போடுங்க."

தொம். என் கூரை அதிர்ந்தது. தொம், தொம், தொம். இன்னும் நன்றாகக் கேட்க நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"கேக்குது சித்தி, கேக்குது!"

"இப்ப நீ வாசி. மொதல்ல ஷூவப் போடு."

4

முடிவு அ: சனிக்கிழமை ரோடி வாசிக்க, மண்டபமே ஆடுகிறது. (இனிப்பு திகட்டுகிறது.)

முடிவு ஆ: பனியில் ரோடி வரவேண்டிய விமானம் நின்றுபோகிறது. (எழுதிய எனக்கே கோபம் வந்தது.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒலிபெருக்கியில் ரோடியின் வயலின் தொடங்கியது. கால் இல்லை. பிறகு வயலினோடு சேர்ந்து, தொம், தொம். பொறுக்கமாட்டாமல் எஃபி தட்டினாளா, ரோடியேதானா? ஒலிபெருக்கி அலறிய அலறலில் பிரித்தறிய முடியவில்லை. மாடியேறிப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.

உங்கள் குதிகாலைப் பாருங்கள். அது தரையைத் தட்டிக்கொண்டிருந்தால், தட்டியது ரோடிதான்.