அலுமினியம் மட்டும் போதும்

டாக்குரியாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பாதி சாப்பாட்டுக்கு, மறுபாதி எனக்கு. என் பாதியில் சால்டரிங் அயர்ன், ஒயர் துண்டுகள், மூன்று மாதமாகப் பாடாத ஓர் ஆம்ப்ளிஃபயர். நானே கட்டியது. என் மனைவி ஷோபனா ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே சாம்பார்க் கிண்ணத்தை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஜெயப்ரியா குடும்பத்தோட வர்றா. அன்னிக்கு இது பாடலேன்னா, திங்கக்கிழமை கடையில ரெடிமேட் செட் வாங்குறோம். மேஜை முழுசும் எனக்கு."

"பாடும்."

"போன தடவையும் பாடும்னீங்க. புகைஞ்சுது. தங்கச்சி முன்னாடி என் மானம் போகணுமா?"

புகைந்தது உண்மை. அதற்குக் காரணம் என் திறமைதான். சால்டர் வைக்கிற திறமையைச் சொல்லவில்லை, விலை பேசுகிற திறமையைச் சொல்கிறேன். லேக் மார்க்கெட்டில் அப்பாவின் பலசரக்குக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். சாந்தினி மார்க்கெட்டில் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய பவர் டிரான்சிஸ்டர் ஒன்று நாற்பது ரூபாய் என்றார்கள், பதினைந்துக்கு இறக்கினேன். கடைக்காரர் அழாத குறையாகக் கொடுத்தார். மூன்று முறை அப்படி வாங்கி மூன்று முறையும் எரிந்தபின், ஷோபனாவின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் மேலே இருந்த போலி எண் கரைந்து, அடியிலிருந்து வேறொரு எண் பல்லைக் காட்டியது. பதினைந்து ரூபாய்க்குப் பதினைந்து ரூபாய்ச் சரக்கு. துவரம்பருப்பில் எங்கள் கடையிலும் நடப்பதுதான்; கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

சனிக்கிழமை மதியம் லோக்கல் ரயில் பிடித்து சியால்தா ஸ்டேஷனில் இறங்கி, சாந்தினிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போனேன். ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய பழைய மெஷின்களைப் பிரித்து அங்கே கிலோ கணக்கில் விற்பார்கள். கிலோ என்றால் எனக்குத் தாய்மொழி மாதிரி.

அங்கே கடை போட்டிருந்த யூனுஸ் பாயின் குவியலில் அது கிடந்தது. சீப்பு சீப்பாக விரிந்த கனத்த அலுமினியத் தகடு. அதன் முதுகில் இரும்புத் தொப்பி போட்ட ஆறு டிரான்சிஸ்டர்கள். நான் தேடிய அதே நம்பர். சட்டைப்பையில் வைத்திருந்த ரிமூவர் பஞ்சால் ரகசியமாக ஒன்றைத் துடைத்தேன். எண் அசையவில்லை. அசல்! எனக்குத் தேவை நாலு. முகத்தை மட்டும் வாடின கத்திரிக்காயைப் பார்ப்பவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"இந்த அலுமினியம் கிலோ என்ன பாய்?"

"எழுபது, தாதா. எதுக்கு?" இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்.

"உருக்கத்தான். அலுமினியம் மட்டும் போதும்."

பத்து நிமிடம் இழுத்து ஐம்பத்தைந்தில் முடித்தேன். தராசில் வைக்கப்போன பாய் சட்டென்று கையை எடுத்தார்.

"இருங்க. இதுல இரும்பு ஒட்டியிருக்கு. அலுமினியம் வெலைக்கு இரும்பை நிறுத்துக் குடுத்தா அல்லா கேப்பாரு."

உளியும் சுத்தியலும் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டக்கென்று ஒரு தொப்பி நசுங்கித் தெறித்தது.

"பரவாயில்ல பாய், இரும்போடவே நிறுங்க."

"சேச்சே! உங்களுக்கு நஷ்டம்."

டக். இன்னொன்று. மிச்சம் சரியாக நாலு. மூன்றாவதன் மேல் உளி உட்கார்ந்தது. வேண்டிய பொருளை வேண்டும் என்று வெளியே காட்டக் கூடாது. முப்பது வருஷமாக எனக்கு ஊட்டி வளர்த்த பாடம் அது. சுத்தியல் மேலே போனது. அரை மேஜை என் கண்முன் காலியானது.

"ஐயோ நிறுத்து பாய்! எனக்கு அதுதான் வேணும்!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. பாய் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெற்றிலைச் சிரிப்பு மெல்லப் பரவியது.

"அப்ப அலுமினியம் வேண்டாமா?"

"அதுவும் வேணும்."

"உருக்க?"

"இல்ல பாய். ஆம்ப்ளிஃபயருக்கு."

"மொதல்லயே சொன்னா ஆறும் பொழைச்சிருக்குமே! இதை யாரு தேடி வர்றா? தொப்பி ஒண்ணு அஞ்சு ரூபா."

மூன்று என்று சொல்ல நாக்கு தானாக எழுந்தது. உளி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இனி வேண்டியதை நேராகக் கேட்கச் சொன்னார். தலையை ஆட்டினேன்.

ராத்திரியோடு ராத்திரியாக நாலையும் பொருத்தினேன். ஞாயிறு பதினோரு மணிக்கு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டேன். ஷோபனா ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றாள். புகை வரவில்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர்வீட்டு வயதான மாசிமா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

ஜெயப்ரியாவின் கணவர் மகேஷ் வந்ததும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி?"

நான் பதில் சொல்வதற்குள் ஷோபனா முந்திக்கொண்டாள். "கம்பெனியாவது! எல்லாம் இவரு கைவேலை."

சாப்பாட்டுக்கு உட்காரும்போது இடம் போதவில்லை. மகேஷ் என் ஒயர்களை நாசூக்காக ஓரம் தள்ளி அங்கே இலை போடப் போனார்.

"அது அவரோட எடம், மாப்ளே," என்றாள் ஷோபனா. "நீங்க இப்படித் தள்ளி ஒக்காருங்க."

ஜெயப்ரியாவின் பையனோடு சேர்த்து நாலு பேர் அரை மேஜையில் முழங்கை இடித்துக்கொண்டு ரசம் சாப்பிட்டார்கள். நான் என் பாதியில் ஸ்க்ரூடிரைவரைத் தள்ளிவைத்து, தாராளமாக இலை விரித்தேன்.